மன்னித்த பிறகு ஸ்டெல்லா கேட்டது

ஓய்வு பெற்ற பிறகு எனக்குப் பகல் தூக்கம் பழகிவிட்டது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் மாடி வீட்டில், சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தால் கண் சொருகிவிடும். முழுத் தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. அந்த நேரத்தில் நான் கையில் ஒரு கோப்போடு தெருத் தெருவாக நடந்துகொண்டிருப்பேன். கதவு எண் தெரியும், வீடு தெரியாது. யாரைக் கேட்டாலும் இன்னும் நாலு வீடு தள்ளி என்பார்கள். பயமாக இருக்காது. அந்தக் கனவில் திருச்சி வெயில்கூடச் சுடாது. முப்பத்தோரு வருஷம் வீடு தேடியே சம்பளம் வாங்கியவளுக்கு வேறு என்ன கனவு வரும்?

நான் சிறைத்துறையில் நன்னடத்தை அலுவலராக இருந்தவள். பேரைச் சொன்னால் பலருக்குப் புரியாது. ஆயுள் தண்டனைக் கைதி ஒருவரை முன்கூட்டியே விடுதலை செய்யலாமா என்று அரசாங்கம் யோசிக்கும்போது, வெளியே போய் விசாரித்து அறிக்கை எழுதுகிற வேலை. அவர் திரும்பி வரப்போகிற வீட்டைப் பார்க்க வேண்டும். அக்கம்பக்கத்தில் கேட்க வேண்டும். கடைசியாக, அவரால் யாருடைய உயிர் போனதோ அந்தக் குடும்பத்தின் கதவைத் தட்டி, 'இவரை விட்டால் உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?' என்று கேட்க வேண்டும்.

போன மாதம் அப்படி ஒரு மதியத்தில் ஃபோன் அடித்தது. எனக்குக் கீழே சில வருஷம் வேலை பார்த்த கவிதா.

"மேடம், தூங்கிட்டிருந்தீங்களா? ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வெச்சிடறேன். இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தணும். குடும்பத்துக்கு ஆட்சேபணை உண்டு, இல்லை, ரெண்டே வட்டம்தான் இருக்கு. இந்தம்மா ரெண்டும் இல்லைங்கறாங்க. எதை அமுக்கறது?"

எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டு ஃபோனை வைத்தேன். அப்புறம் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் வெள்ளைத் துணியாக வந்தது. பாலக்கரையில் ஸ்டெல்லாவின் வீடு முழுக்கத் தொங்கிய அந்த வெள்ளைத் துணி. அந்தக் கதையை எழுதி வைத்துவிடலாம் என்று அப்போதுதான் தோன்றியது.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்தோம், மாதிரி அறிக்கைகள் எழுதினோம், பரீட்சை எழுதினோம். துக்க வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. அதற்கு எனக்கு ஐந்தாறு வருஷம் ஆனது.

மீதியைக் கற்றுக்கொண்டது என் மேலதிகாரி தணிகாசலம் சாரிடம். மண்டல அலுவலர். ஒல்லியான மனிதர். முழுக்கைச் சட்டையின் பொத்தானை மே மாதத்திலும் கழற்ற மாட்டார். அறிக்கையைக் கொண்டுபோய் வைத்தால், மேசை இழுப்பறையிலிருந்து ஒரு இரும்பு ஸ்கேலை எடுத்து முதல் வரிக்குக் கீழே வைப்பார். படித்ததும் ஸ்கேல் ஒரு வரி இறங்கும். எங்காவது ஸ்கேல் நின்றுவிட்டால் அந்த வரியில் ஏதோ தப்பு என்று அர்த்தம்.

"'மிகவும் வருந்துகிறார்'னு எழுதியிருக்கீங்க. எப்படித் தெரியும்?"

"பேசும்போது தெரிஞ்சுது சார்."

"என்ன தெரிஞ்சுதோ அதை எழுதுங்க. அழுதாரா, சாப்பிடாம இருக்காரா, என்ன செஞ்சார்? வருத்தத்தை நீங்க பார்க்க முடியாது."

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அடிக்கிற வார்த்தையைக்கூட மெல்லிய பென்சிலால்தான் அடிப்பார், வேண்டுமானால் நாம் அழித்துக்கொள்ளலாம் என்கிற மாதிரி.

எல்லா வீடுகளும் நினைவில் இல்லை. திருவெறும்பூரில் ஒரு பெரியவர் மட்டும் அடிக்கடி வருவார். தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய தம்பியைக் கொன்றவனுக்காக நான் போயிருந்தேன். "ஆட்சேபணை உண்டு" என்று ஒரே வார்த்தை. கையெழுத்துப் போட்டார். மோர் கொடுத்தார். வெயிலாயிருக்கு என்று குடையோடு பஸ் நிறுத்தம்வரை கூடவே வந்தார். பஸ் வந்து நான் ஏறும்போது, "ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி வாங்கம்மா. அப்ப என்ன சொல்லுவேன்னு எனக்கே தெரியலை" என்றார். தஞ்சாவூர் ரோட்டில் பஸ் திரும்புகிறவரை அவர் குடையை மடக்காமல் நின்றதைப் பார்த்துக்கொண்டே போனேன். மறுபடி போகிற சந்தர்ப்பம் எனக்கு வரவில்லை.

இனி ஸ்டெல்லா.

பாலக்கரையில் மாதா கோயிலை ஒட்டிய ஒரு சந்தில் சேவியர், செல்வராஜ் என்று இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தார்கள். இரண்டு பேரும் கத்தோலிக்கர்கள், ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள். சேவியர் பகலில் லேத் பட்டறையில் வேலை பார்த்தார், சாயங்காலம் கோயில் பாடகர் குழுவுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார். இரண்டு வீட்டுக்கும் பொதுவான சாக்கடைக் குழாய் ஒன்று அடைத்துக்கொண்டது. யார் ஆள் வைத்துச் சரிசெய்வது என்று வாய்த் தகராறு. செல்வராஜ் கையில் கடப்பாரை இருந்தது. ஒரே அடி. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் சேவியர் இறந்துபோனார்.

வழக்கில் செல்வராஜ் தரப்பில் ஒரு கதை சொன்னார்கள். சேவியர் செல்வராஜின் தங்கை ரோஸ்லினிடம் தவறாக நடந்துகொண்டார், அந்த ஆத்திரத்தில்தான் அடித்தார் என்று. ரோஸ்லின் அந்தப் பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்த பெண். நீதிபதி அதை ஏற்கவில்லை. ஆயுள் தண்டனை விதித்தார். பதின்மூன்று வருஷம் கழித்து செல்வராஜின் பேர் முன்விடுதலைப் பட்டியலில் வந்தது, கோப்பு என் மேசைக்கு வந்தது.

நான் ஸ்டெல்லாவைத் தேடிப் போனது ஆகஸ்ட் மாதத்து மதியம். சேவியரின் மனைவியான அவர் அப்போதும் அதே சந்தில், அதே வீட்டில்தான் இருந்தார். கோயில் பீடத்துக்கு விரிக்கிற துணியும், சாமியார் போடுகிற பூசை உடுப்பும் தைத்துக் கொடுப்பது அவர் பிழைப்பு. கதவைத் திறந்தவுடன் உள்ளே எல்லாம் வெள்ளை. கொடியில், நாற்காலியில், கட்டிலில், எங்கும் வெள்ளைத் துணி. மின்விசிறிக் காற்றில் அவை மெல்ல எழும்பி எழும்பி இறங்கின. தண்ணீருக்குள் உட்கார்ந்து பேசுவது போலிருந்தது எனக்கு. வெளியே ஆட்டோ சத்தம்கூட எங்கோ தூரத்தில் கேட்டது.

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். தையல் மிஷினை நிறுத்தாமலே கேட்டார். ஒரு ஓரத்தை முடித்துவிட்டு நூலைக் கடித்து அறுத்தார்.

"செல்வராஜ் அண்ணனா? வரட்டுங்க மேடம். எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லை. நான் அவரை மன்னிச்சு எட்டு வருஷம் ஆச்சு."

"எட்டு வருஷமா?"

"முதல் அஞ்சு வருஷம் முடியலை. ஜெபத்துல 'எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பது போல'ங்கற வரி வந்தா வாயை மூடிக்குவேன். கோயில்ல எல்லாரும் சொல்லுவாங்க, நான் மட்டும் சொல்ல மாட்டேன். ஒரு நாள் சொல்லிட்டேன். எப்படி வந்துச்சுன்னு தெரியாது. அன்னிக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன்."

எங்கள் வீட்டில் மன்னிப்பு என்ற சொல்லே புழங்காது. சண்டை போட்டால் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வோம், மூன்றாம் நாள் காபி கொடுத்துவிடுவோம், அத்தோடு சரி. ஒருவரை மன்னித்த நாளை இன்ன நாள் என்று ஞாபகம் வைத்திருக்கும் மனுஷியை நான் அப்போதுதான் பார்த்தேன்.

கையெழுத்துப் போட்டார். பேனாவை என்னிடம் திருப்பிக் கொடுக்காமல் விரலில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"மேடம், அவருகிட்ட ஒண்ணு கேக்கணும். கேக்கலாமா?"

"சொல்லுங்க."

"என் வீட்டுக்காரர் மேல அவரு சொன்னது பொய். அது பொய்னு அவரு வாயால சொல்லணும். என்கிட்ட இல்லை, எனக்குத்தான் தெரியுமே. இந்தத் தெருவுல, கோயில் வாசல்ல நின்னு சொல்லணும். என் பொண்ணு நர்சிங் படிக்குது. அதுக்கு எட்டு வயசுல யாரோ ஒரு பொம்பளை, 'உங்கப்பா ஒழுங்கா இருந்திருந்தா'ன்னு சொல்லிட்டா. அந்தப் பாதி வாக்கியத்தைத்தான் அது இன்னும் வெச்சுக்கிட்டிருக்கு."

அடுத்த வாரம் சிறைக்குப் போய் செல்வராஜைப் பார்த்தேன். சிறை நெசவுக்கூடத்தில் வேலை, நன்னடத்தைப் பதிவில் ஒரு கறுப்புப் புள்ளி இல்லை. ஐம்பதைத் தாண்டியவர், கையில் பஞ்சுத் தூசு. ஸ்டெல்லா ஆட்சேபணை இல்லை என்றதையும், மன்னித்துவிட்டதாகச் சொன்னதையும் சொன்னேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. பிறகு ஸ்டெல்லா கேட்டதையும் சொன்னேன். தோள் நின்றது.

"மன்னிச்சிட்டாங்கன்னா அப்புறம் எதுக்குங்க மேடம் அது? சாமியார்கிட்ட எத்தனையோ தடவை பாவத்தை ஒப்புக்கிட்டு பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். வக்கீல் சொல்லச் சொன்னாரு, சொன்னேன்."

எனக்குக் கோபம் வந்தது. பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது தண்ணீரில் வெயில் கண்ணைக் கூசவைத்தது, அந்தக் கூச்சத்திலேயே அறிக்கையின் வாசகத்தை மனசுக்குள் எழுதிவிட்டேன். 'பொது இடத்தில் தன் பொய்யை ஒப்புக்கொண்டால் மட்டுமே விடுதலை செய்யலாம்.'

எழுதுவதற்கு முன் ரோஸ்லினையும் பார்க்க வேண்டியிருந்தது. செல்வராஜ் விடுதலையானால் தங்கை வீட்டில்தான் இருக்கப்போவதாக முகவரி கொடுத்திருந்தார். உப்பிலியபுரம். துறையூர் தாண்டி இருக்கிறது. திருச்சியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பஸ் தூக்கம். கண் விழித்தபோது பச்சைமலை ஜன்னலுக்குப் பக்கத்தில் நீலமாக வந்து நின்றிருந்தது, யாரோ கூடவே ஏறி வந்தது போல. ரோஸ்லின் அங்கே ஒரு சின்ன நர்சரிப் பள்ளியில் டீச்சர். தனியாக இருந்தார். ஓட்டு வீடு, வாசலில் ஒரு கொய்யா மரம்.

"அண்ணன் வரட்டும் மேடம். ரூம் இருக்கு. சமைச்சுப் போடறதுல எனக்குக் கஷ்டமில்லை" என்றார். அப்புறம் கொய்யாவை நறுக்கிக்கொண்டே சொன்னார். "என்னை ஒரு வார்த்தை கேக்காம என் பேரைக் கோர்ட்டுல சொன்னாங்க. சேவியர் அண்ணன் எனக்குப் பாட்டுச் சொல்லிக் குடுத்தவரு. வேற ஒண்ணும் கிடையாது. நானே கூண்டுல ஏறி அதைச் சொன்னேன். கூடப் பொறந்தவனுக்கு எதிரா சாட்சி சொன்னேன்னு வீட்டுல யாரும் பேசலை. ஜட்ஜ் என்னை நம்பினாரு. தெரு நம்பலை."

அறிக்கையை எழுதி தணிகாசலம் சார் முன்னால் வைத்தேன். ஸ்கேல் இறங்கிக்கொண்டே வந்து, நான் எதிர்பார்த்த இடத்தில் நின்றது.

"இந்த நிபந்தனையை அந்தம்மா போட்டாங்களா, நீங்க போட்டீங்களா?"

"நான்தான் சார். போடலைன்னா அவன் செய்ய மாட்டான்."

"செய்ய மாட்டான்னுதான் எனக்கும் தோணுது." பென்சிலை எடுத்தார். அடிக்கவில்லை. "ஒருதரம் அந்தம்மாவைக் கேட்டுட்டு வாங்க. இந்த வரி இருக்கட்டுமான்னு."

மறுபடி அந்த வெள்ளைத் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்தேன். நான் எழுதியதை வாசித்துக் காட்டியதும் ஸ்டெல்லா தலையை ஆட்டினார்.

"வேணாம் மேடம். எடுத்துடுங்க. இதைச் செஞ்சாத்தான் மன்னிப்பேன்னு நான் சொல்லலையே. மன்னிச்சாச்சு, அதைத் திருப்பி வாங்க முடியாது."

"அவர் சொல்லாமலே போயிட்டா?"

"போனா நான் கேட்டுக்கிட்டே இருப்பேன். சாகிறவரைக்கும் கேப்பேன்." துணியை மடித்துக்கொண்டே பேசினார். "எனக்குச் செஞ்சதை நான் மன்னிக்கலாங்க மேடம். சேவியர் பேருக்குச் செஞ்சதை நான் எப்படி மன்னிக்கறது? அது என் பொருள் இல்லையே. ரோஸ்லின் பேரும் என் பொருள் இல்லை. அதெல்லாம் அவருதான் திருப்பிக் குடுக்கணும். ஆனா பூட்டி வெச்சு வாங்கினா அது உண்மை மாதிரி இருக்காது. வெளிய வர்றதுக்காகச் சொன்னான்னுதான் தெரு பேசும்."

கடைசி வாக்கியத்தில் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. பதின்மூன்று வருஷம் அந்தச் சந்திலேயே இருந்து அவர் இதை யோசித்திருக்கிறார். நான் பாலத்தைத் தாண்டுகிற நேரத்தில் யோசித்தவள்.

வரியை எடுத்தேன். ஸ்டெல்லா கேட்டதை எங்கே எழுதுவது என்று தணிகாசலம் சாரிடம் கேட்டபோது, அவர் படிவத்தின் கடைசிப் பத்தியை ஸ்கேலால் காட்டினார். "'இதர விவரங்கள்'ல, அவங்க சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்க. ஒண்ணும் சேர்க்காதீங்க" என்றார். அந்தப் பத்தியில் அவருடைய பென்சில் படவே இல்லை.

விடுதலை ஆணை வந்தது. செல்வராஜ் மாதம் ஒருமுறை என் அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டும், என் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் பாலக்கரைப் பக்கம் போகக் கூடாது என்பது நிபந்தனை. மாதாமாதம் வந்தார். கையெழுத்துப் போட்டார். "நல்லா இருக்கீங்களா?" என்பேன், "இருக்கேங்க மேடம்" என்பார். ஸ்டெல்லா கேட்டதைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க எனக்கு அதிகாரமும் இல்லை. ஆறு மாதம் போனது. இவ்வளவுதான் என்று நான் நினைத்துவிட்டேன்.

ஏழாவது மாதம், கையெழுத்து நாள் இல்லாத ஒரு நாளில், தேய்த்த சட்டையோடு வந்து நின்றார். பக்கத்தில் ரோஸ்லின்.

"மேடம், பாலக்கரைக்குப் போக அனுமதி வேணும்."

"எதுக்கு?"

"பள்ளிக்கூடத்துல ஒரு அம்மா புள்ளையைச் சேர்க்க வந்தாங்க. நான் அங்க கேட் ஓரமா நின்னேன். என்னைப் பார்த்துட்டு ரோஸ்லின்கிட்ட, 'இவருதான் உன் அண்ணனா? உனக்காகத்தான் ஜெயிலுக்குப் போனாராமே'ன்னாங்க. நல்ல மனசோடதான் சொன்னாங்க மேடம். ரோஸ்லின் தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அவ எதுக்குக் குனியணும்?"

ரோஸ்லின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். உப்பிலியபுரம்வரை அந்தக் கதை பஸ் ஏறிப் போயிருந்தது.

ஸ்டெல்லாவிடம் சம்மதம் கேட்டேன். "ஞாயித்துக்கிழமை இரண்டாம் பூசை முடிஞ்சு வரட்டும்" என்றார். அனுமதிக் கடிதத்தை நான் தட்டச்சு செய்ய, தணிகாசலம் சார் மேலொப்பம் போட்டார். ஸ்கேலை எடுக்கவே இல்லை.

அந்த ஞாயிறு காலை எனக்கு இன்னும் பாதிக் கனவாகத்தான் இருக்கிறது. கோயில் கதவு திறந்ததும் சாம்பிராணிப் புகையும் மனிதர்களும் சேர்ந்தே வெளியே வந்தார்கள். புகையில் வெயில் சாய்வாக விழுந்தது. பட்டுப் புடவைகள், கைக்குழந்தைகள், முக்காட்டைத் தோளில் இறக்கிவிட்ட பெண்கள். எல்லாரும் மெதுவாக நடப்பது போலவும் சத்தமே இல்லாதது போலவும் எனக்குத் தோன்றியது. செல்வராஜ் வாசற்படிக்குக் கீழே நின்றார். கையைக் கட்டிக்கொண்டார், அவிழ்த்தார், மறுபடி கட்டிக்கொண்டார். ரோஸ்லின் இரண்டடி தள்ளி நிமிர்ந்து நின்றார். ஸ்டெல்லாவும் ஹாஸ்டலிலிருந்து வந்திருந்த மகளும் மேல் படியில்.

செல்வராஜை அடையாளம் தெரிந்தவர்கள் நின்றார்கள். தெரியாதவர்கள் அவர்களைப் பார்த்து நின்றார்கள்.

செல்வராஜ் ஏதோ சொன்னார். உதடு அசைந்தது. எனக்கே ஒன்றும் காதில் விழவில்லை.

மேல் படியிலிருந்து ஸ்டெல்லாவின் குரல் வந்தது. "கேக்கலைண்ணே. சத்தமாச் சொல்லுங்க."

அவர் நிமிர்ந்து ஸ்டெல்லாவைப் பார்த்தார். பதினாலு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பார்த்திருப்பார். அப்புறம் நெசவுக்கூட இரைச்சலில் பேசுகிறவர் போலக் குரலை உயர்த்தினார்.

"சேவியர் என் தங்கச்சிகிட்ட ஒருநாளும் தப்பா நடக்கலை. சாக்கடைக் குழாய்ச் சண்டையிலதான் நான் அடிச்சேன். தண்டனை குறையும்னு கோர்ட்டுல பொய் சொன்னேன். சேவியரும் நல்லவரு, என் தங்கச்சியும் நல்லவ. ரெண்டு பேரோட பேரையும் நான்தான் கெடுத்தேன்."

கூட்டத்தில் ஒரு குழந்தை எதற்கோ சிரித்தது. ஸ்டெல்லாவின் மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஸ்டெல்லா படியிறங்கி வந்தார். முதலில் ரோஸ்லினிடம் போய் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிறகு செல்வராஜ் பக்கம் திரும்பி, "நல்லா இருங்கண்ணே" என்றார். அவர் கும்பிட்டார்.

கூட்டம் கலைகிற நேரம். சந்தில் எதிர்வீட்டுக்காரர், ஞானப்பிரகாசம் என்று வயதானவர், ஸ்டெல்லாவிடம் வந்தார். கோயிலில் காணிக்கைத் தட்டு எடுத்துக்கொண்டு வருகிறவர், தெருவில் மரியாதையான மனிதர். தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்களுக்குத் தெரியும் ஸ்டெல்லா. சேவியரைப் பத்தி நாங்க அப்பவே அதை நம்பலை" என்றார்.

ஸ்டெல்லா அவரை ஏறிட்டுப் பார்த்தார். முகத்தில் கோபம் கொஞ்சமும் இல்லை. ஏதோ விலாசம் தவறாகச் சொன்னவரைத் திருத்துகிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"நம்பினீங்க மாமா. நான் அதையும் மனசுல வெச்சுக்கலை. ஆனா நம்பினீங்க."

பெரியவர் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். கையிலிருந்த ஜெபமாலையைச் சட்டைப் பையில் போட்டார். சுற்றி நின்றவர்களை ஒருமுறை பார்த்தார்.

"ஆமாம்மா," என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. "நம்பினேன்."